ஏறல

வருகைப் பதிவில் அவள் பெயரை
இரண்டாக உடைத்துத்தான் படிப்பார் ஞானையா சார்.
மெஸ். கரம்.
முதல் வாரம் வகுப்பே சிரித்தது.
மெஸ் என்றால் எங்களுக்குத்
தண்ணிச் சாம்பார், எண்ணி வைக்கும் அப்பளம்.
கரம் என்றால் கை என்று
யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.
இரண்டாம் வாரத்திலிருந்து
பெயர் பாதி வரும்போதே கையைத் தூக்கிவிடுவாள்.
மீதிச் சிரிப்புக்கு வேலையில்லாமல் போனது.

மெஸ்கெரம்.
அவள் ஊரில் அது ஒரு மாதமாம்,
மழை விட்டு மஞ்சள் பூ பூக்கிற மாதம்.

நான் செய்யாறு, அரசுப் பள்ளி, தமிழ் மீடியம்.
அவள் அடிஸ் அபாபாவிலிருந்து இரண்டு விமானம் மாறி வந்தவள்.
கடைசிப் பெஞ்சுக்கு வழி
இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

ஒரு சந்தேகம் கேட்க வேண்டுமென்றால்
முதலில் தமிழில் நினைத்து
இங்கிலீஷுக்கு மாற்றி
வினைச்சொல்லைச் சரிபார்த்துத்
தொண்டையைச் செருமுவதற்குள்
சார் இரண்டு ஸ்லைடு தாண்டியிருப்பார்.
அவளும் அப்படித்தான் என்பது
நோட்டு ஓரத்தில் தெரியும்:
அவள் எழுத்தில் ஒரு வரி,
கீழே இங்கிலீஷில் அரை வரி,
அப்புறம் அடித்தல்.

எல்லோரும் சிரித்து அரை நொடி கழித்துச் சிரிப்பாள்.
புரிஞ்சுதா என்று யார் கேட்டாலும்
புரிஞ்சுது என்பாள்.
தரமணியில் அவள் கற்ற முதல் தமிழ்ச் சொல் அது.
முதல் பொய்யும்.

ஆலோசனை அறையில் ஒரு படிவம் கொடுத்தார்களாம்.
தனிமையாக உணர்கிறீர்களா,
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிடவும்.
கேள்வியே விளங்கவில்லை என்பதற்கு
எண் இல்லை.
மூன்றைச் சுழித்துவிட்டு வந்துவிட்டாள்.
நானும் எல்லாவற்றுக்கும் மூன்றுதான் போடுவேன்,
மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள்.

சாயங்காலமானால் அவளுக்குத் தலைவலி.
நாள் முழுக்கக் காதைத் தீட்டியே வைத்திருந்த வலி.
ஹாஸ்டல் கேட்டுக்கு வெளியே படுத்திருக்கும்
ஒற்றைக் காது நாயிடம் போய் உட்கார்ந்து
அவள் பாஷையில் என்னவோ சொல்லிக்கொண்டிருப்பாள்.
திருப்பிச் சொல் என்று அது கேட்காது.
பறக்கும் ரயில் ஒன்று கடந்து போகும்,
அதற்கும் மேலே குரலை உயர்த்திச் சொல்வாள்.

டீக்கடையில் ஒருநாள் கேட்டேன்,
புரிந்தது என்பதற்கு உங்களிடம் என்ன சொல்?
கெபாஞ், என்றாள்.
எனக்குள் நுழைந்தது என்று அர்த்தம்.
எங்களுக்கு ஏறும், என்றேன்.
மண்டையில் ஏறும். ஏறாமலும் போகும்.
வடை எண்ணெயைத் தினத்தாளில் ஒற்றிக்கொண்டே
எங்களுக்குக் கதவு, உங்களுக்கு மட்டும் ஏணியா
என்றாள் உடைந்த இங்கிலீஷில்.
உடையாத இங்கிலீஷில் எனக்குப் பதில் வரவில்லை.

பேயஸ் தேற்றம் நடந்த செவ்வாய்க்கிழமை
கரண்ட் இல்லை.
போர்டு முழுக்கச் சாக்பீஸ்.
புரிஞ்சுதா, என்று திரும்பாமலே கேட்டார் சார்.
பெயர் கூப்பிடாமலே ஒரு கை உயர்ந்தது.
ஏறல சார்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது.
இந்த முறை எல்லோரையும்விட
அரை நொடி முன்னால் அவள்.
சார் டஸ்டரைத் தேடி எடுத்து
முதல் வரியிலிருந்து அழித்தார்.
முன் பெஞ்சுகளிலும் புதுப் பக்கம் புரளும் சத்தம் கேட்டது.
நான் கை தூக்கவில்லை.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

ராத்திரி துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன்.
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
அம்மாவோடு போனில் இருந்தாள்.
குறுக்கே விழுந்து பேசினாள்,
சண்டை போட்டாள்,
யாரைப்போலவோ மூக்கால் பேசிக் காட்டினாள்,
அந்தப் பக்கச் சிரிப்பு எனக்கே கேட்டது.
ஒரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான்.
இத்தனை பெரிய வாயாடி என்று
தெரியாது.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.
குரலை இறக்கி
ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைத்து
துணி காய்ஞ்சுதா, என்றாள்.

தொட்டுப் பார்த்தேன்.
காயல, என்றேன்.